மூளை அறுவை முடிந்து கண்விழிக்கையில் திமிறும் நோயாளி: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

மண்டை ஓட்டைத் திறந்து செய்த அறுவை நல்லபடியாக முடிந்து, மயக்க மருந்தை நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகியிராது. அதுவரை அசைவற்றுக் கிடந்தவர் திடீரென்று தலையை உருட்டுவார், கையை உதறுவார், குழாய்களைப் பிடுங்குவார், கட்டிலைவிட்டு எழப் பார்ப்பார். எந்த அறுவைக்குப் பிறகும் சிலருக்கு இது நேர்வதுண்டு. ஆனால் மூளை அறுவைக்குப் பிறகு நேரும்போது அதன் பொருளே வேறு. திமிறலில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. முக்கலும் இருமலும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. சற்று முன்பு சுட்டு அடைத்த சிறு ரத்தக் குழாய் மறுபடி கசியலாம். இன்னொரு பக்கம், உள்ளே ரத்தம் கட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தத் திமிறலே முதல் அடையாளமாகவும் இருக்கலாம். ஆபத்துக்குக் காரணமும் ஆபத்தின் விளைவும் ஒரே தோற்றத்தில் வந்து நிற்பதால்தான் இந்த அரைமணி நேரம் இவ்வளவு கடினமாக இருக்கிறது.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவில் மயக்கவியல் மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ரெக்கவரி அறையில் பணிசெய்யும் தமிழ்ச் செவிலியர்களுக்கும் புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கட்டிலருகே நின்று சொல்லிவந்ததை இங்கே எழுதுகிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: அடக்கும் மருந்தைச் சிரிஞ்சில் எடுப்பதற்கு முன், இந்தத் திமிறல் எதைக் கேட்கிறது என்று பார்த்தாக வேண்டும். மூளை அறுவை செய்தவரைப் பரிசோதிக்க நமக்கு இருக்கும் முதல் கருவி அவருடைய விழிப்பு. தூங்கவைத்துவிட்டால் அதை நாமே இழந்துவிடுகிறோம். கீழே வரும் அளவுகள் வயது வந்தவர்களுக்கானவை. மருந்து என்றால் பொறுப்பு மருத்துவரின் உத்தரவோடுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் நிமிடத்தில்

ஒருவர் தலைமாட்டில் நின்று தாடையைத் தாங்கி ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். இன்னொருவர் மானிட்டரைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சின் எண்ணிக்கை, இரண்டு கண்மணிகள் ஆகியவற்றைப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும். கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்கிறதா, கழுத்து நேராக இருக்கிறதா என்று கையோடு சரிபாருங்கள். கட்டுத்துணியோ சுவாசக் குழாயைக் கட்டிய நாடாவோ கழுத்தை இறுக்கினால் தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்குவது தடைப்பட்டு உள்ளழுத்தம் ஏறும். நாடாவைத் தளர்த்தியதும் அமைதியானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, திமிறலின் அளவை எண்ணாக எழுத வேண்டும். திமிறலையும் மயக்கத்தையும் எண்ணால் குறிக்கும் ராஸ் (RASS) அளவுகோலில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தால் +1, நோக்கமில்லாமல் அடிக்கடி கைகாலை வீசினால் +2, குழாய்களைப் பிடுங்கினால் +3, அருகில் இருப்பவரைத் தாக்கினால் +4. "நோயாளி அமைதியின்றி இருக்கிறார்" என்று மட்டும் எழுதி வைத்தால், ஒரு மணி நேரம் கழித்து வருபவருக்கு அது கூடியதா குறைந்ததா என்று தெரியாது.

பிறகு ஒரு கேள்வியைக் கேளுங்கள். இவர் ஒருமுறையாவது தெளிவாக விழித்தாரா, இல்லையா? மயக்கம் தெளியும் வாசலில் வரும் திமிறல் சில நிமிடங்களில் தொடங்கிப் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானே தணியும். பெயரைச் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டிய ஒருவர் பிறகு திமிறத் தொடங்கினால் அது வேறு கணக்கு. அவருக்கு இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளைத் தாண்டி நேரே "தெளிந்திருந்தவர் மறுபடி முரண்டுகிறார்" என்ற, ரத்தக் கட்டு பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

யாரிடம் இதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளவயது ஆண்கள், நெற்றிப் பக்க மூளையில் அறுவை நடந்தவர்கள், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் போன்ற சுவாச வழி மயக்க மருந்தில் இருந்தவர்கள், புகைப்பவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், அறுவைக்கு முன் மிடசோலாம் வகை மருந்து பெற்றவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது. இப்படிப்பட்டவர் வருகிறார் என்று தெரிந்தால் கட்டிலருகே இரண்டு பேர் தயாராக நிற்கட்டும்.

மூச்சுக்குத் தவிக்கிறார், முகமூடியைத் தள்ளுகிறார்

ஆக்சிஜன் குறைந்தால் திமிறல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கரியமில வாயு தேங்கினாலும் வரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆக்சிஜன் முகமூடி போட்டிருக்கும்போது மானிட்டரில் 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அதன் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் கூடினால் மூளைக்குப் பாயும் ரத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடுகிறது. இறுகிய மண்டைக்குள் அந்தக் கூடுதல் ரத்தத்துக்கு இடமில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள், முகமூடிக்குள், வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் குழாயை வையுங்கள், சந்தேகம் தீராவிட்டால் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதியுங்கள்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியை மூக்கின் வழியே எடுத்தவர்கள் தனி வகை. மூக்கு முழுவதும் பஞ்சு அடைத்திருக்கும். பாதி விழிப்பில், மூக்கால் இழுத்தால் காற்று வராத அந்தப் பீதியில் அவர்கள் எல்லாவற்றையும் பிடுங்குவார்கள். அவர்களிடம் "வாயால மூச்சு விடுங்க, மூக்குல பஞ்சு வெச்சிருக்கு" என்று மறுபடி மறுபடி சொல்வதே மருந்து. அறுவைக்கு முந்தைய நாளே சொல்லி, வாயால் மூச்சுவிடப் பழக்கி வைத்தால் இன்னும் நல்லது. இவர்களுக்கு முகமூடியை இறுக்கி அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தக் கூடாது. அறுவை செய்த துளை வழியே காற்று மண்டைக்குள் ஏறிவிடலாம்.

துள்ளித் துள்ளி அசைகிறார், ஆனால் வலுவில்லை

கையைத் தூக்குவார், பாதியில் தொப்பென்று விழும். தண்ணீருக்கு வெளியே விழுந்த மீனைப் போலத் துடிப்பார். கண்ணில் பயம் தெரியும், குரல் வராது. தசைத் தளர்வு மருந்து முழுதாக நீங்கவில்லை என்பதன் அடையாளம் இது. நினைவு திரும்பிவிட்ட ஒருவருக்கு உடம்பு கட்டுப்படவில்லை என்றால் அவர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். இந்த நேரத்தில் அடக்கும் மருந்து கொடுப்பது மூச்சை நிறுத்தும் செயல்.

தலையை 5 விநாடி தூக்கிக் காட்டச் சொல்லலாம். ஆனால் நரம்புத் தூண்டியை வைத்து, நான்கு முறை தூண்டி நான்காவது துடிப்பை முதல் துடிப்போடு ஒப்பிடும் டி.ஓ.எஃப். விகிதம் 0.9ஐத் தாண்டியதா என்று அளப்பதே நம்பகமானது. தாண்டாவிட்டால், ரோக்யூரோனியம் அல்லது வெக்யூரோனியம் பெற்றவருக்கு, நான்கில் இரண்டு துடிப்பாவது திரும்பியிருந்தால், சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மில்லிகிராம் போதும். அது கைவசம் இல்லாத இடத்தில் நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், கிளைக்கோபைரோலேட் சேர்த்து. வலிப்புக்காக நீண்ட நாள் ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்குத் தளர்வு மருந்து சீக்கிரம் தீர்ந்துபோவதால் அறுவையின்போது அடிக்கடி கொடுத்திருப்போம்; கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போனது என்று மயக்கப் பதிவேட்டில் பாருங்கள்.

கை அடிவயிற்றுக்குப் போகிறது

இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் தவறு செய்தேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர் அவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நெற்றிப் பக்கத்துக் கட்டி எடுக்கப்பட்டிருந்தது. ரெக்கவரி அறைக்கு வந்து கால் மணி நேரத்தில் +3 ஆகிவிட்டார். நான்கு பேர் பிடித்தும் நிற்கவில்லை. ரத்த அழுத்தம் 180. நெற்றிப் பக்க அறுவை, இளவயது, ஆண் என்று எல்லாம் பொருந்தி வந்ததால், இது மயக்கம் தெளியும் திமிறல்தான் என்று முடிவுகட்டி மிடசோலாம் சிரிஞ்சை நிரப்பியவன் நான்தான். அப்போது கால்மாட்டில் நின்ற ஆயாம்மா, "டாக்டர், யூரின் பை வத்திக் கெடக்கு, தியேட்டர்ல இருந்து வந்ததுல இருந்து ஒரு சொட்டு எறங்கல" என்றார். போர்வையைத் தூக்கிப் பார்த்தால், கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றும்போது சிறுநீர்க் குழாய் அதற்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டி, மடிந்து, நூல் போலத் தட்டையாகிக் கிடந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்த மேனிட்டால் சிறுநீரை அருவியாகச் சுரக்கவைக்கும் என்பது எனக்குத் தெரியாததா? கம்பியை இறக்கியதும் பையில் 800 மில்லிக்கு மேல் கொட்டியது. அந்த மனிதர் பெருமூச்சு விட்டு, தலையைச் சாய்த்து, "அப்பாடா" என்று ஒரே சொல் சொன்னார். ரத்த அழுத்தம் 130க்கு இறங்கியது. நிரப்பிய ஊசி தட்டிலேயே கிடந்தது.

அன்றுமுதல் என் வரிசையில் மூச்சுக்கு அடுத்தது சிறுநீர்க் குழாய். பையில் அளவு ஏறுகிறதா, வண்டியில் கொண்டுவரும்போது போட்ட கிளிப் எடுக்கப்பட்டதா, குழாய் மடிந்திருக்கிறதா, அடிவயிறு புடைத்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் "ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வருது" என்று துடிப்பவர்களும் உண்டு. குழாயின் நுனியில் இருக்கும் பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தை உறுத்துவதால் வரும் உணர்வு அது, ஆண்களுக்கு அதிகம். "குழாய் போட்டிருக்கு, தானா போயிடும், நீங்க முக்க வேணாம்" என்று சொல்லுங்கள். குழாயைத் தொடையில் ஒட்டி, இழுபடாமல் வையுங்கள். குழாய் இனித் தேவையா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரம் எடுத்துவிடலாம். இந்த உறுத்தலுக்கு டிரமடால் கொடுக்கும் வழக்கம் மற்ற பிரிவுகளில் உண்டு. அது வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துவதால், அதாவது வலிப்பை எளிதில் வரவைப்பதால், மூளை அறுவை நோயாளிக்கு நான் கொடுப்பதில்லை.

கை தலைக்குப் போகிறது

மூளைக்கு வலி தெரியாது, ஆகவே மூளை அறுவைக்குப் பிறகு வலி குறைவுதான் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். வலி மூளையில் இல்லை. வெட்டித் தைத்த தோலிலும், பிரித்து ஒதுக்கிய தசையிலும், மூளை உறையிலும் இருக்கிறது. காதுக்கு மேலும் பிடரியிலும் தசையை வெட்டிய அறுவைகளுக்குப் பிறகு வலி கடுமையாகவே இருக்கும். தலையைப் பிடித்துவைக்கும் மூன்று ஊசிமுனைகள் குத்திய இடமும் வலிக்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் புருவத்தைச் சுருக்குவார், பல்லைக் கடிப்பார், கை மறுபடி மறுபடி கட்டுக்கே போகும்.

அறுவை முடியும் தறுவாயிலேயே உச்சந்தலை நரம்புகளைச் சுற்றி மரப்பு ஊசி போட்டிருந்தால் இந்தப் பகுதிக்கே வேலை இருக்காது. போடாவிட்டால் பாராசிட்டமால் 1 கிராம் சிரை வழியே 15 நிமிடத்தில். அது போதாவிட்டால் ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் கொடுத்து, மூச்சின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு, 5 நிமிடம் காத்திருந்து, தேவைப்பட்டால் மறுபடி. தூங்கிவிடுவாரே என்று பயந்து வலியை அப்படியே விடுவது தவறு. கண்மணியும் பேச்சும் தெரியாத அளவுக்குக் கொட்டுவதும் தவறு. ரத்தத்தட்டுகளைப் பாதிக்கும் டைக்லோஃபினாக் வகை ஊசிகள் முதல் நாளில் வேண்டாம்.

ரத்த அழுத்தத்தைத் தனியாகக் கவனியுங்கள். மேல் எண் 160க்கு மேல் நிற்க விடக் கூடாது; பல குழுக்கள் 140ஐயே எல்லையாக வைக்கின்றன. வலி, குழாய், மூச்சு மூன்றும் சரியான பிறகும் இறங்காவிட்டால் லேபெட்டலால் 10 மில்லிகிராம் மெதுவாகக் கொடுக்கலாம். நாடி குறைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

இருப்புக் கொள்ளாமல் கால்களை ஆட்டுகிறார்

மூச்சு சரி, வலி இல்லை, பேசினால் தெளிவாகப் பதில் சொல்கிறார். ஆனால் ஓர் இடத்தில் படுக்க முடியவில்லை, கால்கள் சைக்கிள் மிதிப்பது போல ஓடுகின்றன, "உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது" என்கிறார். வாந்திக்காக மெட்டோக்ளோப்ரமைடு வேகமாகப் போடப்பட்டதா என்று மருந்துத் தாளைப் பாருங்கள். அந்த மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும். 15 நிமிடத்தில் மெதுவாக ஏற்றினால் இப்படி வருவது குறையும்.

ரத்தம் ஏற்றும்போது தோல் தடித்ததற்காக ஏவில் என்று எல்லோரும் அழைக்கும் ஃபெனிரமின், வாந்திக்காக ப்ரோமெதசின், நாடி குறைந்ததற்காக அட்ரோபின் ஆகியவை வேறு வகைக் குழப்பத்தைக் கொண்டுவரும். வாய் வறண்டு, முகம் சிவந்து, இல்லாததைப் பிடிப்பது போலக் காற்றில் கை அலையும். முதியவர்களுக்கு இன்னும் எளிதில் வரும். போதாக்குறைக்குக் கண்மணியையும் விரிக்கக்கூடியவை இவை. மூளை அறுவைக்குப் பிறகு கண்மணியை நம்பியிருக்கும் நமக்கு அது பெரிய இடைஞ்சல்.

சொல்வதைக் கேட்பதே இல்லை

இந்த ஊரில் இந்த அறிகுறிக்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்தாக வேண்டும்: எந்த மொழியில் சொன்னீர்கள்?

1974இல், தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இன்றைய வடிவத்துக்கு வந்த காலத்துக்கு முன்பிருந்தே, ஓசூர் சாலை வழியே மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் தேடித் தமிழ்நாட்டு மக்கள் பெங்களூருக்கு வருகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று என் பிரிவுக்கு ஒருவராவது வராத வாரமில்லை. அல்சூரிலும் சிறீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. தருமபுரிக் கிராமத்திலிருந்து முந்தாநாள் வந்திறங்கிய அம்மாவுக்கு அப்படியல்ல. மயக்கம் தெளிகிற நேரத்தில் இரு மொழி தெரிந்தவருக்கும் தாய்மொழிதான் முதலில் திரும்பும்.

அப்படி ஓர் அம்மாவுக்கு மூளை உறைக் கட்டி எடுத்தோம். விழிக்கையில் செவிலியர் அன்பாகவே "கண்ணு பிடி, கண்ணு பிடி" என்றார். கன்னடத்தில் அது கண்ணைத் திறங்கள் என்று மரியாதையாகச் சொல்வது. பாதி நினைவில் இருந்த அந்த அம்மாவின் காதில் தமிழ்ப் "பிடி" விழுந்தது. செவிலியரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். விடுவிக்க முயன்றதும் மிரண்டு, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறத் தொடங்கினார். கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை, தாக்குகிறார் என்று தாளில் ஏறியது, சி.டி. ஸ்கேனுக்குச் சொல்லவும் ஆயத்தமானார்கள். நான் போய்க் காதருகே, "அம்மா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கீங்க. கண்ணைத் தொறந்து பாருங்க" என்றேன். திறந்து பார்த்தார். "எம்பொண்ணு எங்க சாமி?" என்று கேட்டார். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் எண் போட்டு நினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவில் பேச்சுக்கும் அசைவுக்கும் குறைத்துப் போட்ட எண்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் முழுதாகிவிட்டன.

ஆகவே, அறுவைக்கு முந்தைய நாள் தாளின் தலைப்பிலேயே தாய்மொழியை எழுதுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர்கள், ஆதார் அட்டைப் பெயருக்குத் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். கழற்றி வைத்த காதுக் கருவியையும் கண்ணாடியையும் வார்டிலேயே விட்டுவிடாமல் ரெக்கவரி அறைக்கு வரவழையுங்கள்.

தாய்மொழியில் சொன்ன பிறகும் புரியவில்லை என்றால்தான் மொழி மையம் பாதிக்கப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சின் இடம் இடது மூளை. இடது நெற்றியிலோ காதுக்கு மேலோ அறுவை நடந்து, பேச்சு சரளமாக வந்தும் பொருளில்லாமல் இருக்கிறது, அல்லது பேச முயன்று சொல் வராமல் ஆத்திரப்படுகிறார் என்றால், சொல்லாமல் செய்து காட்டுங்கள்: நாக்கை நீட்டுங்கள், கையைத் தூக்குங்கள், அவர் பார்த்துச் செய்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்துச் செய்தால் அவர் தெளிவாகத்தான் இருக்கிறார், சொல் மட்டும் எட்டவில்லை. அவரை அடக்கும் மருந்தால் அல்ல, சைகையாலும் தொடுகையாலும் அமைதிப்படுத்த வேண்டும். அறுவைக்கு முன் இல்லாத புதுக் குறை என்றால் உடனே அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு பக்க நெற்றி மூளையையும் தொட்ட அறுவைக்குப் பிறகு சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், துணியை அவிழ்ப்பார்கள். தடுக்கும் பகுதி தற்காலிகமாக ஓய்ந்திருப்பதன் விளைவு அது. வெளியே நிற்கும் மனைவி கூனிக் குறுகி, "எங்க வீட்டுக்காரரு இப்படியெல்லாம் பேசவே மாட்டாருங்க" என்பார். "அண்ணி, இது அவர் பேசலை, ஆபரேஷனோட வேலை" என்று ஒருவர் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வருவதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததே.

தெளிந்திருந்தவர் மறுபடி முரண்டுகிறார்

இதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. அறுவைக்குப் பின் முதல் 6 மணி நேரம் ரத்தக் கட்டுக்குக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்க வேண்டிய நேரம். தலைவலி கூடுகிறது, வாந்தி எடுக்கிறார், முரண்டு பிடிக்கிறார், பிறகு மெல்ல அமைதியாகிறார் என்ற வரிசையில், அந்தக் கடைசி அமைதியைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது மூளை அமுங்கிக்கொண்டிருப்பதன் அமைதியாக இருக்கலாம். ஒரு கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்கவில்லை, ஒரு பக்கக் கை வலுவிழக்கிறது, கிளாஸ்கோ அளவு 2 புள்ளி இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறும்போதே நாடி குறைகிறது, மூச்சு ஒழுங்கு தவறுகிறது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அறுவை மருத்துவரை அழைத்துக்கொண்டே சி.டி. ஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி நாடி இறங்கும் குஷிங் விளைவு கடைசிக் கட்டத்தில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அந்நிலையில் அழுத்தத்தை மருந்தால் இறக்குவது, திணறும் மூளைக்கு வந்துகொண்டிருக்கும் ரத்தத்தையும் நிறுத்துவதாகும். முன்பு லேபெட்டலாலைத் தொடாதீர்கள் என்றது இதனால்தான்.

மூளை நீரை வெளியே வடிக்கும் குழாய் போட்டிருந்தால் ஸ்கேனுக்கு முன் அதைப் பாருங்கள். வண்டியில் நகர்த்தும்போது நீர் மடமடவென்று இறங்கிவிடாதிருக்க அந்தக் குழாயின் திருகை மூடித்தான் கொண்டுவருவோம். கட்டிலில் சேர்த்ததும், அளவுகோலின் பூஜ்யத்தைக் காதின் முன் குருத்தெலும்புக்கு நேராக வைத்துத் திருகைத் திறக்க வேண்டும். ஆட்கள் மாறும் அந்த இரண்டு நிமிடத்தில் இதை மறந்துவிடுவது எளிது. சொட்டு விழவில்லை என்றால் முதலில் திருகைப் பாருங்கள், பிறகு மட்டத்தைப் பாருங்கள். அடைப்பு என்று தோன்றினால் நீங்களே மருந்து நீர் செலுத்திக் கழுவாமல் அறுவை மருத்துவரை அழையுங்கள்.

கண் ஒரு பக்கமாகவே நிற்கிறது

கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. கண் ஒரு பக்கம் நிலைத்து நிற்பது, உதட்டோரம் மட்டும் துடிப்பது, சட்டைப் பொத்தானை ஓயாமல் நிமிண்டுவது, நடுநடுவே வெறித்துப் பார்ப்பது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். வலிப்பு ஓய்ந்த பின் வரும் குழப்பமும் திமிறலாகவே தெரியும். கண்ணெதிரே தொடர்ந்து நடந்தால் லோரசெபாம் 4 மில்லிகிராம் மெதுவாகக் கொடுத்து, வலிப்பு மருந்தின் முழு ஏற்றளவைத் தொடர வேண்டும். ஃபெனிட்டாயின் என்றால் நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வேகம் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாமல் நினைவு மட்டும் திரும்பாதிருந்தால், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுங்கள்.

எங்கும் பிடிபடவில்லை

விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இதை முதலிலேயே செய்திருந்தாலும் தவறில்லை. 70க்குக் கீழே இருந்தால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி. சோடியத்துக்கு ரத்தம் அனுப்புங்கள். பிட்யூட்டரி அறுவைக்குப் பிறகு மணிக்கு 250 மில்லிக்கு மேல் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சிறுநீர் போய், தாகம் தாகம் என்று அலைந்தால் சோடியம் ஏறிக்கொண்டிருக்கும். குளிரில் நடுங்குபவருக்குச் சூடான காற்றுப் போர்வை போடுங்கள். நடுக்கம் உடம்பின் ஆக்சிஜன் தேவையைப் பல மடங்காக்கும்.

குடியைப் பற்றி நோயாளியும் சொல்ல மாட்டார், உறவினர் கூடியிருக்கும்போது மனைவியும் சொல்ல மாட்டார். தனியே அழைத்து, "கடைசியா எப்பக் குடிச்சாரு?" என்று கேட்டால் மட்டுமே உண்மை வரும். குடி நின்ற 6 மணி முதல் 24 மணிக்குள் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். சித்தப்பிரமை நிலை இரண்டு மூன்று நாள் கழித்து வரும். வலிப்பைப் போலவே இங்கேயும் லோரசெபாம் வகை மருந்துதான் சரியான சிகிச்சை. சர்க்கரை நீர் ஏற்றுமுன் தயமின் போய்விட வேண்டும்.

தேடிய பின்னும் அடங்கவில்லை

அப்போது மருந்து கொடுக்கத்தான் வேண்டும். தையல் பிரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதும் குற்றம். நான் முதலில் எடுப்பது டெக்ஸ்மெடெடோமிடின், கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம். மூச்சை அவ்வளவாக அடக்காது. தட்டிக் கூப்பிட்டால் விழித்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி கண்ணயர்வார். ஆனால் நாடியைக் குறைக்கும். அந்த இறக்கம் மருந்தினாலா, மண்டைக்குள் அழுத்தத்தினாலா என்ற குழப்பம் வரும் என்பதால் தொடங்குமுன் நாடி, ரத்த அழுத்தம், கண்மணி மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பத்து நிமிடம் காத்திருக்க முடியாத +4 நிலையில் ப்ரோபோஃபால் 20 மில்லிகிராம் கொடுத்து, மூச்சுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சில நிமிட அமைதிக்குள் மற்றவற்றைப் பார்க்கலாம். ஹாலோபெரிடால் வலிப்பு வாசலைத் தாழ்த்தும், இ.சி.ஜி.யில் க்யூ.டி. எனப்படும் இடைவெளியையும் நீட்டும். எனக்கு அது கடைசித் தேர்வு. மிடசோலாம் சிலரை அமைதிப்படுத்துவதற்குப் பதில் இன்னும் குழப்பும். கொடுத்துவிட்டுப் பிறகு நோயாளி ஏன் விழிக்கவில்லை என்று விடியும்வரை கவலைப்பட்டிருக்கிறோம்.

கட்டிப்போடுவது திமிறலைக் கூட்டும். கட்டை எதிர்த்து முக்கும் ஒவ்வொரு முக்கலும் மண்டைக்குள் போய்ச் சேரும். விரல்களை மூடும் மெத்தென்ற கையுறை போட்டால் குழாயைப் பிடுங்க முடியாது, கையும் சுதந்திரமாக அசையும். அதைவிட நல்லது, மருத்துவமனை விதி இடம்கொடுத்தால், மகளையோ தம்பியையோ அங்கியும் தொப்பியும் அணிவித்து உள்ளே வரவழைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது.

மருந்து தொடங்கிய பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, பெயர், கை, கால், கண்மணி பார்த்து எழுதுங்கள். மருந்தை நிறுத்தி அரைமணி நேரம் ஆகியும் முன்பிருந்த தெளிவு திரும்பவில்லை என்றால் இன்னும் மயக்கம் தெளியவில்லை போலும் என்று விட்டுவிடாமல் சி.டி. ஸ்கேன் எடுங்கள். ஆள் மாறும்போது, எந்த எண்ணில் இருந்தார், எதைச் செய்ததும் தணிந்தார், எந்தப் பெயர் சொன்னால் திரும்புகிறார் என்ற மூன்றையும் அடுத்த ஷிஃப்ட் செவிலியரிடம் கட்டிலருகே நின்றே ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.